கீரி வண்டியின் கடையாணி

வாத்து, கீரியிடம் வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. குளத்துச் சரிவில் இறங்கும்போது சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. வண்டி குடைசாய்ந்து, கடைசிக் குஞ்சுக்குக் கால் முறிந்துபோனது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய மரக் கடையாணி இரண்டாக உடைந்து கிடந்தது. அதைக் கவ்விக்கொண்டு வாத்து நேரே கீரியின் வண்டிப் பட்டறைக்குப் போய், அதன் காலடியில் போட்டது.

"வேகமா ஓட்டியிருப்பீங்கம்மா," என்றது கீரி, குனிந்துகூடப் பார்க்காமல்.

"குஞ்சுகளை வெச்சுக்கிட்டு யாராவது வேகமா ஓட்டுவாங்களா?"

"அப்போ திருஷ்டிதான். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினீங்களா?"

"எல்லாச் சக்கரத்துக்கும் நசுக்கினேன். முள்ளம்பன்றி வண்டியும் இதே மாதிரி கழண்டுச்சாமே?"

கீரி குரலைத் தாழ்த்தியது. "அவர் வந்து சத்தம் போட்டாரு, மாத்திக் கொடுத்தோம். உங்களுக்கும் மாத்தித் தர்றேன். வெளியில சொல்லிக்காதீங்க."

"இதே ஆணியோட ஊரெல்லாம் ஓடுற மத்த வண்டிங்க?"

"அவங்க யாரும் வந்து கேட்கலையே."

அப்போது கீரியின் சொந்த வண்டி வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த கீரிக்குட்டிகள் குதித்து இறங்கின. வாத்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தது. இரும்புக் கடையாணி. அதில் துருவே ஏறியிருந்தது. மர ஆணியை எடுத்துவிட்டு இதை மாட்டி வெகுகாலம் ஆகியிருக்கும்.

வாத்து நிமிர்ந்தது.

"உங்க பிள்ளைங்களுக்கு மட்டும் எலுமிச்சம்பழம் போதலையோ?"