மக்கள் காட்டிய இடம்

"எதிர்ப்பு இருக்கறவங்க கையத் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அதிகாரி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். ஓட வேண்டி வந்தால் கார் பத்தடியில்தான் நின்றது.

ஒரு கைகூட எழவில்லை. பள்ளிக்கூட அறையில், பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் சமர்த்தாக அவரையே பார்த்தார்கள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

விஷயம் இதுதான். நகரத்துக் குப்பையை எல்லாம் இந்த ஊர் மேய்ச்சல் நிலத்தில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதற்கு நீடித்த நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்று வாய் நிறையப் பெயர் வைத்திருந்தார்கள்.

மக்கள் கருத்தைக் கேட்ட பிறகே அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. அறிக்கை போன வாரமே எழுதியாகிவிட்டது. கருத்தும், நிலத்தின் எல்லையை நடந்து பதிவு செய்வதும்தான் பாக்கி. மாலைக்குள் அனுப்பிவிட்டால் அவருக்குப் பதவி உயர்வு.

முன்பெஞ்சில் ஆட்டுக்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். மேய்ச்சல் நிலம் போனால் அவள் அறுபது ஆட்டையும் விற்றுவிட்டு நகரத்தில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். முதலில் கத்தப்போவது இவள்தான் என்று அலுவலகத்தில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அவளோ வாயே திறக்கவில்லை.

"கடைசிக் கேள்வி. குப்பைக் கிடங்குக்கு எந்த இடம் சரியா இருக்கும்னு நீங்க நினைக்கறீங்க?" படிவத்தில் இருந்த பாவத்துக்கு அதையும் படித்துவைத்தார்.

அக்கா எழுந்தாள். "வாங்க சார், காட்டறோம்."

"எல்லாருக்கும் அதே இடந்தானா?"

"நேத்தே கூடிப் பேசிட்டோம் சார். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல."

இவ்வளவு நல்ல ஜனங்களை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஊரே கூட வரும்போது வரைபடம் எதற்கு என்று அதைக் காரிலேயே விட்டுவிட்டு, டேப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வழியில் அவருடைய துறை டைரக்டர் போன் செய்தார். "என்னப்பா, ஏதாவது கலாட்டாவா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். எல்லாரும் தலையாட்டறாங்க."

"அந்தப் பக்கம் காத்தே தனி, இல்ல? நான் போன மாசம்கூட ரெண்டு தடவ வந்துட்டுப் போனேன்."

"உங்களுக்கு வேலை மேல அவ்வளவு அக்கறை சார்" என்று அதிகாரி உருகினார்.

மேட்டில் ஐந்து ஏக்கர் பச்சைப் பசேல் என்று கிடந்தது. நான்கு மூலையிலும் வெள்ளையடித்த புதுக் கல். புது ஷூவுக்குப் பயந்துகொண்டே கால் வைத்தவருக்கு அங்கே ஒரு ஆட்டுப் புழுக்கைகூடத் தட்டுப்படவில்லை. சும்மாவா, சுத்தமான ஊர் என்று மெச்சிக்கொண்டார்.

நான்கு கல்லிலும் நின்று நான்கு தடவை பொத்தானை அழுத்தினார். திரையில் எல்லை கச்சிதமாக விழுந்தது. நாற்பது பேரும் வரிசையில் நின்று விரலால் கையெழுத்துப் போட்டார்கள்.

'அனுப்பிய பின் திருத்த இயலாது' என்றது டேப்லெட். திருத்த என்ன இருக்கிறது என்று அனுப்பினார். 'ஏற்கப்பட்டது' என்று உடனே பதில் வந்தது. இனி முப்பது வருஷத்துக்கு அந்த ஐந்து ஏக்கரும் குப்பைக் கிடங்கு.

வேலை முடிந்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இந்தப் பெண்பிள்ளைக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்.

"ஏம்மா, ஆட்டுக்குச் சோறு போட்ட நிலம். எப்படிம்மா மனசார விட்டுக் குடுத்தீங்க?"

அக்கா டேப்லெட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "போயிடுச்சில்ல சார்? இனிமே மாத்த முடியாதில்ல?"

"அந்தக் கடவுளே வந்தாலும் முடியாது."

"மேய்ச்சல் நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம் சார். இது உங்க டைரக்டர் வீடு கட்ட வாங்கின இடம்."