தேதி கேட்காத கணினி

நூற்பாலைப் பரிசோதனை அறையில் இருந்த பழைய டாஸ் கணினிக்கு, கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி செத்துப் பத்தொன்பது வருஷம். தினமும் காலையில் கறுப்புத் திரையில் அது தேதி கேட்கும், பரிசோதகர் ஆவுடையப்பன் தட்டுவார். அவர் சொன்ன தேதிதான் நூல் சோதனைச் சீட்டுகளில் அச்சாகி, வாசல் கேட் வரைக்கும் போகும்.

ஒருவழியாக அது மண்டையைப் போட்டதும், பழுது பார்க்கும் ஜோஸ்வா புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அதே கறுப்புத் திரை, அதே கண்சிமிட்டும் கர்சர்.

"டாஸ் மாதிரியேதான் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் கைவிட்டதும் யார் யாரோ சேந்து அதே புரோகிராம எழுதி, சும்மாவே குடுக்காவ."

சும்மா கொடுப்பவனை ஆவுடையப்பன் என்றைக்கும் நம்பியதில்லை. போதாததற்கு, இது தேதியே கேட்கவில்லை. தானாகவே தெரிந்து வைத்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது? சாயங்காலம் வேண்டுமென்றே தேதியை ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளிவைத்தார். அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திரையில் தேதி சரியாக இருந்தது.

சரிதானா? விறுவிறுவென்று வாசலுக்கு நடந்து, வாட்ச்மேன் சுடலைமணியிடம் கேட்டார்: "இன்னைக்கு என்ன தேதிவே?"

சுடலைமணி பேனாவும் கையுமாக நிமிர்ந்தார். "நல்லா கேட்டிய! ஒங்க சீட்டப் பாத்துத்தானே அண்ணாச்சி, நான் கேட் நோட்டுல தேதியே எழுதுவேன்?"