நிறுத்தாமல் போன பேருந்து

“ஒட்டகம், நீ ஜன்னல் பக்கம் உட்காருடா. ஆமை, நீ எதிர்ல. நான் நடுவுல. சண்டை வந்தா முதல் அடி எனக்கு விழட்டும்” என்றார் லீடர்.

லீடர் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் பல் டாக்டர். பள்ளியில் கழுத்து நீண்டிருந்ததால் ஒட்டகம். எதிரே கட்டில் விளிம்பில் பேருந்து டிரைவர்; தினமும் மணியடித்த பிறகே வகுப்புக்கு வந்ததால் ஆமை. நடுவே முக்காலியில் லீடர். வகுப்புத் தலைவனாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்துத் தலை நரைத்த பிறகும் போகவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றாள், உட்காரவில்லை.

டாக்டரும் டிரைவரும் பேசிப் பல வருடங்கள் ஆயிற்று. டிரைவரின் அப்பாவுக்குப் பல்வலி வந்தபோது, “தெரிஞ்சவங்கன்னா வரிசை கிடையாதா?” என்று டாக்டர் அவரை வராந்தாவில் காக்க வைத்துவிட்டார். பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடியே வீடு திரும்பினார். அடுத்த மழைக்காலத்தில், நனைந்துகொண்டே கைகாட்டிய டாக்டரைப் பார்த்தும் டிரைவர் பேருந்தை நிறுத்தவில்லை. சேற்றை வேறு வாரி இறைத்துவிட்டுப் போனார். அதோடு பேச்சு அறுந்தது.

இன்று டிரைவர் வந்ததற்குக் காரணம், போன வாரம் லீடர் எழுதிய கடிதம். ‘ஒட்டகத்துக்குக் கல்லீரலில் புற்றுநோய். முற்றிவிட்டது. சில மாதங்கள்தான். நமக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியக் கூடாது. மனத்தாங்கலோடு அவனை அனுப்பிவிடாதே.’

அதனால் டிரைவர் வலிந்து சிரித்தார். “பொண்ணு எப்படி இருக்கா?”

“வேலை, குழந்தைன்னு வெளியூர்ல. பேரனைப் பாத்துக்க என் வீட்டுக்காரியும் அங்கேயே போயிட்டா. சாயங்காலமானா மீன் தொட்டி முன்னால உட்கார்ந்து பேசிட்டிருப்பேன். அதுங்களும் வாயைத் திறந்து திறந்து காட்டுதுங்க. என்ன, பாக்க பல்லுதான் இல்ல.”

டிரைவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சாகப் போகிறவன், துணைக்கு மீன்!

“உனக்கு?” என்றார் டாக்டர்.

“ரெண்டு பசங்க. பெரியவன் பேச மாட்டான், சின்னவன் போனை விட்டுத் தலையைத் தூக்க மாட்டான். நைட் டூட்டி இல்லாதப்ப நான் பழைய ரேடியோவைக் கழட்டி மாட்டிட்டுக் கிடப்பேன். வீட்ல நான் திருப்பினா பேசுறது அது ஒண்ணுதான்.”

“நைட் டூட்டியை விட்டுடேன்டா. உடம்பைப் பாத்துக்க.” டாக்டரின் குரல் சட்டென்று இளகியது.

தன் உயிரே ஊசலாடும்போது என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறானே! டிரைவர் கண் கலங்குவதை மறைக்க லீடர் பக்கம் திரும்பினார்.

“நீ ஏன்டா பிஸ்கட்டைத் தொடல? சட்டை யாரோடது? உள்ள இன்னொருத்தன் குடியிருக்கலாம் போல!”

“இப்ப இதுதான்டா ஃபேஷன்.”

மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“உங்கப்பாவை அன்னிக்கு நான்...” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

“விடுடா.”

“விட மாட்டேன். அது வெறும் திமிரு. அவர் தவறினப்பகூட நான் வரல.”

“நான் மட்டும் என்ன யோக்கியம்? நீ நனையறதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டேதானே போனேன்.”

“ஒரு வாரம் சளிடா எனக்கு.”

“எனக்கு ஒரு வாரம் தூக்கமில்ல. இனிமே நீ எங்க கைகாட்டினாலும் நிறுத்துவேன். ஸ்டாப் இல்லாட்டியும்.”

“நீ எப்ப வந்தாலும் உனக்கு வரிசை கிடையாது.”

இருவரும் எழுந்து கட்டிக்கொண்டார்கள். நடுவில் இருந்த லீடர் நசுங்கினார். “டேய், என் எலும்புடா!”

விடைபெறும்போது டிரைவர் லீடரின் காதோடு கேட்டார். “ஆளைப் பாத்தா அப்படித் தெரியலையே?”

“வெளிய காட்டிக்க மாட்டான். நீ முன்னால இறங்கு.”

டிரைவர் படியிறங்கியதும், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி டாக்டர் திரும்பி வந்தார்.

“ஆமை பாவம்டா” என்றார் மெல்ல. “நீ எழுதினப்ப நான் நம்பல. அவன் கண்ணு நிமிஷத்துக்கு நிமிஷம் கலங்குது. கல்லீரல்னா தப்பிக்கிறது கஷ்டம். கடைசிவரைக்கும் நான் கூட இருக்கேன்.”

லீடர் தலையாட்டினார்.

ஜன்னல் வழியே பார்த்தபோது, இருவரும் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளியைத் தாங்குவதுபோல ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

“தெரிஞ்சா உங்களைச் சும்மா விட மாட்டாங்க” என்றாள் மனைவி.

“தெரியத்தான் போகுது.”

லீடர் மேஜைக்கு வந்து, ஒரே உறையின் மேல் இரண்டு பேர் பெயரையும், கீழே டாக்டரின் முகவரியையும் எழுதினார். உள்ளே வைக்கும் தாளில் சில வரிகள் போதுமானதாக இருந்தன.

‘உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. திட்டுவதானால் சேர்ந்தே வந்து திட்டுங்கள், சீக்கிரம் வாருங்கள். நான் எழுதிய நோய் பொய்யில்லை, ஆளை மட்டும்தான் மாற்றினேன். என்னைத் தூக்கும் நாலு பேரில் நீங்கள் இருவரும் முன்னால் நிற்க வேண்டும். பேசிக்கொள்ளாதவர்கள் தூக்கினால் நடை ஒத்துவராது.’

உறையை ஒட்டி மனைவியிடம் கொடுத்தனுப்பினார். தபால் பெட்டி தெருமுனையில்தான் இருந்தது. அவ்வளவு தூரம்கூட இப்போது அவரால் நடக்க முடிவதில்லை.