பதினோராவது சிப்பாய்

காலையிலிருந்து பத்து ஜெர்மன் சிப்பாய்களாகச் செத்துக் கொடுத்ததில் சிவபாதத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. டப்பிங்கில் சாவுக் குரல் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திரையில் பதினோராவது சிப்பாய் சேற்றில் மல்லாந்து கிடந்தான். அவன் கை பூட்ஸைத் தேடிப் போனது. உதடு மட்டும் அசைந்தது.

"படத்த அப்படியே நிஜமா எடுத்து வச்சிருக்கான்ணே. நம்ம அலறல்தான் நாடகமா இருக்கு" என்றான், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் ஜெரால்டு. "நிஜமா சாகுறவன் மாதிரி குடுங்க."

சிவபாதம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து படகேறி வந்து முப்பது வருடம். பேச்சுகூடச் சென்னைப் பேச்சாகிவிட்டது. இந்த முறை அவர் அலறவில்லை. பக்கத்தில் குனிந்திருப்பவனிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"சப்பாத்தைக் கழட்டி விடு மச்சான். கால் நனைஞ்சு போச்சு."

ஜெரால்டு பதிவை நிறுத்தினான். பிறகு, "பிரமாதம்ணே" என்றான். "ஆனா சவுண்டு பத்தல. அதையே இன்னொரு தடவ சொல்லிடுங்க."

சிவபாதம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏலாது தம்பி. அவன் ஒருக்காத்தான் சொன்னவன்."