ஸ்டேஷனுக்கு வந்தவள்

மதுரை செல்லூர் ஜவுளி வியாபாரி லட்சுமிநாராயணனுக்கு ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவரோடு தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் பேச ஆளில்லை.

மெட்ராஸிலிருந்து திரும்பும்போது, திண்டுக்கல் தாண்டியதும், எதிர் சீட்டிலிருந்த திருமங்கலத்து அன்னக்கொடி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் ஒரு இலையில் வைத்தாள்.

“சாப்பிடுங்கண்ணே. வீட்டுல அண்ணி இருக்காகளா?”

வழக்கமாக இல்லை என்றுதான் சொல்வார். அதற்குப் பிறகு வரும் பரிதாபப் பார்வை அன்று வேண்டாம் போலிருந்தது.

“இருக்காம்மா. பத்மாசினின்னு பேரு. ஸ்டேஷனுக்கு வருவா.”

சொன்னதும் சோறு ருசித்தது. கத்தரிக்காயைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசமாட்டாள் என்று சமயநல்லூர் வரைக்கும் அவளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

மதுரையில் வண்டி நின்றது. அன்னக்கொடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“அந்தா வாராகள்ல. அண்ணி, இங்கிட்டு வாங்க. அண்ணன் இங்கனதான் இருக்காரு.”

பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு பெண் அவருடைய ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அவளை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“சாப்பிட்டாச்சா?” என்று சௌராஷ்டிரத்தில் கேட்டாள்.

“ஆச்சு” என்றார்.

அவர் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் செல்லூருக்குப் போகும் பக்கம் அவள் திரும்பவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்காமல் அவரும் பின்னால் போனார்.