மூன்று தடவை அறுந்த ஒயர்

“ஒரே மாசத்துல மூணாவது தடவை. என் வேலை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடும் போலிருக்கு,” என்றபடி காது மிஷினை வாங்கி மேஜை விளக்கின் கீழே வைத்தாள் மெக்கானிக்.

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் என்று இருபது வருஷமாக ரிப்பேர் பார்ப்பவள். அவள் கைபட்டுப் போன சாமான் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. சட்டைப்பைக்குள் அடங்கும் இந்த மிஷின் மட்டும் அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

எதிரே இரண்டு ஸ்டூல்களில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் இல்லாவிட்டால் மாமியாருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. யாரைப் பார்த்தாலும் சிரித்து வைப்பார்.

“எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கக்கா. இது இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

“அவங்களுக்குத்தானே கஷ்டம், உனக்கென்ன?”

மருமகள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தாள். பேட்டரியில் குறையில்லை. இயர்போனைத் தன் காதில் செருகிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையால் கடைசி டிரான்சிஸ்டரைத் தொட்டாள். ‘கர்ர்’ என்றது. அதற்கு முந்தையதைத் தொட்டாள். இன்னும் பலமாகக் ‘கர்ர்’.

“குழாய்ல தண்ணி வரலைன்னா பின்னாடியே பாத்துக்கிட்டுப் போவோம் இல்ல, எங்க அடைச்சிருக்குன்னு? இதுவும் அப்படித்தான். இது வரைக்கும் எல்லாம் உயிரோட இருக்கு.”

மைக் ஒயரைத் தொட்டாள். சத்தமே இல்லை.

பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன இரண்டு தடவையும் ஒயர் நைந்துபோய் அறுந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அதனால்தான் போன தடவை நல்ல தடித்த ஒயராகப் போட்டிருந்தாள். அது பாதியில் மொட்டையாக நின்றது. இரண்டு முனையும் சீவிவிட்ட மாதிரி இருந்தது.

“இது தானா அறுந்தது இல்ல. யாரோ வெட்டியிருக்காங்க.”

மருமகளின் முகம் வெளுத்தது. “என்னக்கா சொல்றீங்க?”

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“அத்தை, நான், அவர். அவர் இதைத் தொட்டதே இல்லையே.”

“அப்ப யாருன்னு நான் வேற சொல்லணுமா?” மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏம்மா, வயசானவங்ககூட நாலு வார்த்தை பேசுறது அவ்வளவு பாரமாவா இருக்கு? காதை அடைச்சுட்டா உனக்கு நிம்மதியா?”

“நான் வெட்டலைக்கா. நானே வெட்டிட்டு, நானேவா மூணு தடவை தூக்கிட்டு வருவேன்?”

“நாலு பேர் நல்ல மருமகள்னு சொல்லணுமே. இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்குக்குக் கோபம் இன்னும் ஏறியது. இந்த அப்பாவி மனுஷிக்குப் போய் இப்படி ஒரு கொடுமையா?

புது ஒயரை வைத்துப் பற்றவைத்தாள். மூடியை மாட்டினாள்.

“எதிர்க்கடையில ஒரு பேட்டரி வாங்கிட்டு வா, கைவசம் இருக்கட்டும்,” என்று மருமகளை வெளியே அனுப்பினாள். பேட்டரி ஒரு சாக்குத்தான். இயர்போனை மாமியார் காதில் மாட்டி, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பெரியம்மா, கேக்குதா?”

“நல்லாக் கேக்குதும்மா. மகராசியா இரு.”

“பயப்படாம சொல்லுங்க. உங்க மருமகதானே இதை வெட்டுறா?”

“சேச்சே, அவ தங்கம். அபாண்டமா எதுவும் சொல்லாதே.” மாமியார் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான்தான் மூடியைக் கழட்டி வெட்டுறேன். நகவெட்டியால. இந்தத் தடவை ஒயர் கெட்டியா இருந்துச்சா, கை வலியே வந்துடுச்சு.”

தான் கேட்டது சரிதானா என்று மெக்கானிக்குக்கே சந்தேகமாக இருந்தது.

“ஏன் பெரியம்மா?”

“என் பையன் கோவக்காரன். அவ மேல கை வைக்கறப்பல்லாம் அவ ‘அத்தை, அத்தை’ன்னு கூப்பிடுறா. காதுல விழுந்தா நான் எழுந்து போய்த் தடுக்கணுமே. எனக்கு அவன்கிட்ட பொல்லாப்பு வேண்டாம்மா.”

சற்றுமுன் அந்தப் பெண்ணை என்னவெல்லாம் சொன்னோம் என்று நினைத்ததும் மெக்கானிக்குக்கு நெஞ்சு பதறியது. என்ன கேட்பதென்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டாள்.

“அதுக்கு எதுக்கு ஒயரை வெட்டணும்? சுவிட்சை அணைச்சாப் போதுமே.”

“அணைச்சு வச்சா அவளுக்குத் தெரிஞ்சுடுமே,” என்று மாமியார் அதே சிரிப்போடு சொன்னார். “மிஷின் கெட்டுப்போயிருந்தாத்தான், ‘பாவம், அத்தைக்குக் கேக்கலை, கேட்டிருந்தா ஓடி வந்திருப்பாங்க’ன்னு நினைச்சுப்பா.”