அப்பாவுக்குப் பின்னால்

"அம்மா, உன் பிள்ளை வேணும்னேதான் அப்பாவை அமுக்குறான். இன்னிக்காவது நல்லா காது கொடுத்துக் கேளு."

மேடை ஓரத்தில் கீபோர்டு ஒயரைச் சொருகிக்கொண்டே மகள் முணுமுணுத்தாள்.

அம்மாவுக்கும் அதே சந்தேகம்தான். பெற்றவளாயிற்றே, வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

குடும்பமே பாட்டுக் குடும்பம். அப்பா பாடுவார். மகள் கீபோர்டு. மருமகன் கிடார். மூத்தவன் டிரம்ஸ்.

மூத்தவன் மட்டும் வெளியே போய்ப் பேர் வாங்கினவன். பெரிய குழுவோடு நாடு நாடாகப் போய் வாசித்தவன். போன வருஷம் லீவுக்கு வந்தான், அப்பாவோடு ஒரே ஒரு கச்சேரி வாசித்தான். மறுநாளே, "நான் திரும்பப் போகலை. இனிமே நம்ம குழுவுலயே வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

"ஏம்ப்பா, அங்க ஏதாவது தகராறா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான்."

அவ்வளவு பெரிய வேலையைச் சும்மா யாராவது விடுவார்களா?

அன்றிலிருந்து எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். மூலையில் இருந்த டிரம்ஸை நடுமேடைக்குக் கொண்டுவந்தான், அப்பாவின் முதுகுக்கு நேர் பின்னால். "அப்பாவுக்குப் போய் எதுக்கு ஒத்திகை?" என்று வீட்டு ஒத்திகையை நிறுத்தினான்.

எல்லாவற்றையும்விட இதுதான் அம்மாவை உறுத்தியது. அப்பா உச்சத்துக்குப் போகும்போதெல்லாம், சரியாக அந்த இடத்தில் ஒரு உருட்டு உருட்டி, பித்தளைத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடிப்பான். அப்பாவின் குரல் அதில் முங்கிவிடும். சத்தம் அடங்கும்போது அவர் அடுத்த வரிக்குப் போயிருப்பார்.

"அப்பா ஒண்ணும் சொல்லலையேடி?"

"அவருக்கென்ன, பையன் பிச்சு உதறுறான்னு பூரிச்சுப் போயிருக்கார். வெகுளி!"

அப்பா தலை வாரியபடி வந்தார்.

"அம்மாவும் பொண்ணும் என்ன மாநாடு?"

"ஒண்ணுமில்லைங்க. தொண்டை எப்படி இருக்கு?"

"கணீர்னு இருக்கு. ஜனங்க முன்னாடி இது ஒரு தடவை உடைஞ்சாலும் அன்னியோட மைக்கைக் கீழ வெச்சுடுவேன். உடைஞ்சிருக்கா? நீயே சொல்லு!"

சிரித்துக்கொண்டே மேடை ஏறினார்.

மகள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். "முதல் வரிசையில கோட்டு போட்டவரைப் பாரு. அண்ணனோட பழைய குழு மேனேஜர். திரும்பக் கூப்பிட வந்திருக்காராம். அவர்கிட்ட வித்தை காட்டத்தான் இவ்வளவு நாளும் அப்பா தலையில ஏறி மிதிச்சிருக்கான். இன்னிக்கு எப்படி ஆடப்போறான் பாரு!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "கச்சேரி முடியட்டும். உன் வழியைப் பார்த்துக்கிட்டுக் கிளம்புப்பான்னு நானே சொல்லிடறேன்."

கண்ணை மூடி ஒரு நிமிஷம் சாமியை நினைத்துக்கொண்டாள். பிறகு, மண்டபத்தின் கடைசியில் இருந்த சவுண்டுக்காரரிடம் போனாள்.

"தம்பி, டிரம்ஸ் மைக்கை நல்லா குறைச்சு வைங்க. எங்க வீட்டுக்காரர் குரல் எல்லாருக்கும் எடுப்பா கேக்கணும்."

"உங்க பையன் என்னைக் கடிச்சுத் தின்னுடுவாரும்மா."

"அவனைப் பெத்தவ சொல்றேன். குறைங்க."

குறைத்தார்.

பாட்டு ஆரம்பமானது. முதல் சரணம் தேனாகப் போனது. 'இந்தக் குரலையா அமுக்கப் பார்த்தான்!' அம்மாவுக்குக் கண் கலங்கியது.

உச்சம் வந்தது. மகன் உருட்டினான், ஓங்கி அடித்தான். எங்கோ பக்கத்துத் தெருவில் தகரம் விழுந்த மாதிரி கேட்டது.

அப்பாவின் குரல் மட்டும் தனியாக மேலே ஏறியது. ஏறி, நடுவில் கீறல் விட்டு, இரண்டாகப் பிளந்து, கடைசியில் வெறும் காற்றாக வந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைக்கைப் பிடித்திருந்த அப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

மகன் எழுந்தேவிட்டான். பக்கத்து மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் மன்னிக்கணும். தாளத்தை விட்டுட்டேன். அப்பாவையும் தடுமாற வெச்சுட்டேன். தப்பு முழுக்க என்னுது."

மண்டபமே சிரித்தது. "இவர்தான் பெரிய டிரம்மராம்!" என்று ஒரு குரல். முதல் வரிசையில் மேனேஜர் முகம் சுளித்து, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார்.

அப்பாவுக்கு முகத்தில் உயிர் வந்தது. "என்னடா, நடு மேடையில தூக்கமா?"

"கண் அசந்துட்டேம்ப்பா. திரும்ப எடுங்க."

கைதட்டல் எழுந்தது. அப்பா மைக்கை நிமிர்த்திப் பிடித்தார்.

கீபோர்டிலிருந்து மகள் வெளுத்த முகத்தோடு அம்மாவைத் தேடிப் பார்த்தாள். அண்ணன் தாளம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை என்பது கூட வாசிக்கிற அவளுக்குத் தெரியாதா?

அம்மா சவுண்டுக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"டிரம்ஸை ஏத்துங்க தம்பி... இன்னும் ஏத்துங்க. மேல போகும்போது எங்க வீட்டுக்காரர் குரல் யார் காதுலயும் விழக் கூடாது!"